கடிக்கிற குணம், வயது, மரபணு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்களிடமும் கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளிடமும் பேசும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

ஆக்ரோஷம் பிறவிக்குணமா, வளர்ப்புக் கோளாறா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் என்றால் "இரண்டும்". ஆனால் அந்தப் பதிலால் யாருக்கும் பயன் இல்லை. பெற்றோரிடமிருந்து கோபம் அப்படியே குட்டிக்கு இறங்குவதில்லை. எவ்வளவு சீண்டினால் மிரளும், மிரண்டால் ரத்தத்தில் கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் எவ்வளவு ஏறும், ஏறியது இறங்க எவ்வளவு நேரமாகும், இவைதான் இறங்குகின்றன. இவையெல்லாம் எந்த வயதில் வேலையைத் தொடங்கும் என்பதும் மரபணுவில்தான் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றியது.

இன்னொன்று. ஆக்ரோஷம் ஒரே சரக்கு இல்லை. பயந்து கடிப்பது, தட்டைக் காத்துக் கடிப்பது, குட்டி போட்ட தாய் சீறுவது, வேட்டையாடுவது எல்லாம் வெவ்வேறு. பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்த நாய்க்குக் கோழிமேல் கோபம் ஒன்றும் இல்லை, அது வேட்டை. கீழே நான் பேசுவது பெரும்பாலும் மனிதரைப் பார்த்துப் பயந்து எதிர்க்கிற குணத்தைப் பற்றி. மரபியலில் நன்றாக ஆராயப்பட்டதும் அதுதான்.

யானையைக்கூடத்தான் பழக்கி வெச்சிருக்கோம். அப்போ யானையும் நாயும் ஒண்ணுதானே?

இல்லை. பழக்கிய விலங்கு வேறு, வளர்ப்பினம் வேறு. கோயில் யானையும் முகாம் யானையும் ஒவ்வொன்றாகப் பழக்கப்பட்டவை. அந்த யானைக்குப் பிறக்கும் கன்றை மறுபடியும் முதலிலிருந்து பழக்க வேண்டும். இத்தனை நூற்றாண்டுகளாக யானையோடு வாழ்ந்தும், சாந்தமானதை மட்டும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிய வரலாறு நமக்கு இல்லை. யானை பருவத்துக்கு வரவே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும்போது அது எப்படி முடியும்? மதம் பிடித்த யானையின் முன்னால், கூடவே இருக்கும் பாகனும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

நாய், மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றில் மாறியிருப்பது மரபணுவே. குட்டி பிறக்கும்போதே மனிதரோடு பழகுவதற்கான வசதியோடு பிறக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால் வீணாகும். அதைக் கீழே பார்க்கலாம்.

அந்த ரஷ்ய நரிக் கதை நிஜமா? பத்தே தலைமுறையில நாய் மாதிரி ஆயிடுச்சாமே.

நிஜம்தான், ஆனால் சொல்லப்படுகிற விதத்தில் நிறைய மெருகு ஏறிவிட்டது. திமித்ரி பெல்யாயெவ் என்ற சோவியத் மரபியலாளர் 1959-இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் தொடங்கிய ஆய்வு அது. அவருடைய அண்ணன் நிக்கோலாயும் மரபியலாளர். ஸ்டாலின் காலத்தில் 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மரபியலை மறுத்த லைசென்கோ என்ற சோவியத் விஞ்ஞானியின் செல்வாக்கில் மரபியலே சந்தேகத்துக்குரிய துறையாக இருந்த காலம். ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்த்த வெள்ளி நரிகளில் 30 ஆண், 100 பெண் என்று எடுத்துத் தொடங்கினார்கள். அன்றாட வேலையை நடத்தியவர் லுத்மிலா த்ரூத். பெல்யாயெவ் 1985-இல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அவர்தான் நடத்தினார்.

செய்தது மிக எளிய சோதனை. குட்டிக்கு ஒரு மாதம் ஆனதிலிருந்து மாதா மாதம் ஒருவர் கூண்டருகே போய், கையில் இரையைக் காட்டியபடியே குட்டியைத் தொடப் பார்ப்பார். ஓடுகிறதா, கடிக்கிறதா, தொட விடுகிறதா, தானே வருகிறதா என்று குறித்துக்கொள்வார்கள். பருவத்துக்கு வரும் வயதில், அதாவது ஏழெட்டு மாதத்தில், இறுதி வகுப்பு முடிவாகும். அதில் ஆண்களில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமலும் பெண்களில் 20 சதவீதத்துக்குள்ளும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர். நிறம், உருவம், காது என்று வேறு எதையும் பார்த்துத் தேர்வு செய்யவில்லை.

நான்காம் தலைமுறையில் மனிதரைக் கண்டு வாலாட்டிய குட்டி வந்தது. ஆறாம் தலைமுறையில் மனிதரைத் தேடி முனகுகிற, கையை நக்குகிற குட்டிகளுக்கென்றே புதிய வகுப்பு ஒன்றை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அப்போது அவை 1.8 சதவீதம்தான். பத்தாம் தலைமுறையில் 18, இருபதாம் தலைமுறையில் 35, நாற்பது ஆண்டு முடிவில் 70 முதல் 80 சதவீதம். ஆக, "பத்தே தலைமுறையில்" என்பது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான குட்டிகளின் கதை.

குட்டியிலேயே தூக்கிக் கொஞ்சி வளர்த்திருப்பாங்க, அதான் பழகியிருக்கும். இதுல ஜீன் எங்க வந்துச்சு?

இதே சந்தேகம் வரும் என்று தெரிந்துதான் அவர்கள் நரிகளுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. மனிதத் தொடர்பையும் கொஞ்ச நேரம்தான் அனுமதித்தார்கள். அதோடு, மிக மூர்க்கமான நரிகளை மட்டும் தேர்ந்து இணைசேர்த்து எதிர்த்திசையில் இன்னொரு வம்சத்தையும் உருவாக்கினார்கள். கூண்டு, தீனி, பராமரிப்பு எல்லாம் ஒன்றே. ஆளைக் கண்டதும் கம்பிமீது பாய்கிற நரிகள் இந்தப் பக்கம், வாலாட்டுகிறவை அந்தப் பக்கம்.

பிறகுதான் எனக்கு மிகப் பிடித்த சோதனை. சாந்தத் தாயின் கருவை மூர்க்கத் தாயின் கருப்பையிலும், மூர்க்கத் தாயின் கருவைச் சாந்தத் தாயின் கருப்பையிலும் மாற்றி வைத்தார்கள். பிறந்த குட்டிகளில் எது யாருடையது என்பதை ரோம நிறத்தை வைத்து அடையாளம் கண்டார்கள். குட்டிகள் சுமந்து பாலூட்டிய தாயை ஒத்திருக்கவில்லை. கரு எந்தத் தாயுடையதோ அதைத்தான் ஒத்திருந்தன.

நரி ஆய்வு நடந்த அதே நோவோசிபிர்ஸ்க் நிறுவனத்தில் 1972-இல் காட்டுப் பழுப்பெலிகளைப் பிடித்து இதே மாதிரி இரண்டு வம்சங்களை உருவாக்கினார்கள். பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அந்த எலிக்குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்துப் பார்த்தபோதும் வேறுபாடு போகவில்லை. பதற்ற ஹார்மோன்களைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பிகளும் மூர்க்க எலிகளில் பெரிதாக இருந்தன.

சரி, இதுல வயசு எங்கே வருது?

இங்கேதான். எந்தக் குட்டியும் பிறந்தவுடன் பயப்படுவதில்லை. கண் திறந்து, காது கேட்டு, சுற்றிலும் முகர்ந்து, எதைக் கண்டாலும் "இது என்ன" என்று நெருங்குகிற காலம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு புதியது எதைக் கண்டாலும் பின்வாங்குகிற காலம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் யாரைச் சந்திக்கிறதோ அவர்கள் "நம்மவர்". பிறகு சந்திப்பவர்கள் அந்நியர். தேர்வு செய்யாத பண்ணை நரிக்கு ஆறாவது வாரத்திலேயே பயம் வந்துவிடும். நோவோசிபிர்ஸ்கின் சாந்த நரிகளுக்கு அது ஒன்பது வாரமோ அதற்கும் மேலோ ஆயிற்று. அவற்றின் குட்டிகள் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பது இரண்டு நாள் முந்தியது, கண் திறப்பது ஒரு நாள் முந்தியது. வாசல் முன்னதாகத் திறந்து தாமதமாக மூடுகிறது. ரத்தத்தில் கார்டிசால் கூர்ந்து ஏறுகிற வயதும் அதேபோலத் தள்ளிப்போயிற்று.

மனிதர்கள் தேர்வு செய்தது சாந்தத்தை. அந்தத் தேர்வில் மாறியவற்றுள் முக்கியமானது வளர்ச்சியின் நேர அட்டவணை. ஓநாய், நாய் ஒப்பீட்டிலும் இதுவே. இரண்டிலும் மூக்கு இரண்டு வாரத்திலும் காது நான்கு வாரத்திலும் கண் ஆறு வாரத்திலும் சரியாக வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆனால் ஓநாய்க்குட்டி இரண்டாவது வாரத்திலேயே, கண்ணும் காதும் தயாராகாத நிலையில், மோப்பத்தை மட்டும் நம்பி உலகைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பிவிடுகிறது. நாய்க்குட்டி நான்காவது வாரத்தில்தான் கிளம்புகிறது. அதனால்தான் ஓநாய்க்குட்டியைக் கண் சரியாகத் திறக்கும் முன்பே எடுத்து இரவு பகலாகக் கூடவே வைத்திருந்தால் ஒழியப் பழக்க முடிவதில்லை. நாய்க்கு அந்த அவசரம் கிடையாது.

அப்போ 30 நாள் குட்டியா வாங்கிட்டா நல்லா பழகும்னு சொல்றது சரிதானே?

தவறு. நாய்க்கு அந்த இடைவெளி மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு வாரம் வரை நீள்கிறது. 1961-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வேலிபோட்ட வயலில் மனிதரையே காட்டாமல் குட்டிகளை வளர்த்து, சிலவற்றை இரண்டாம் வாரத்திலும் சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் ஒவ்வொரு வாரம் மட்டும் மனிதரோடு விட்டார்கள். ஏழாம் வாரத்தை ஒட்டிச் சந்தித்தவை நன்றாகப் பழகின. பதினான்கு வாரம் வரை யாரையும் பார்க்காதவை காட்டு விலங்குகளைப் போலவே நின்றுவிட்டன. அவையும் அதே ரகம், அதே ரத்தம் என்பதைக் கவனியுங்கள்.

அந்த இடைவெளியின் முதல் பாதி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கழிய வேண்டும். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று குட்டி கற்பது அங்கேதான். இந்தியாவின் நாய் இனப்பெருக்க விதிகளும் (2017) எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்றுதான் சொல்கின்றன. விற்பவர்கள் 30, 35 நாளில் தள்ளிவிடுவது பால்பவுடர் செலவை மிச்சப்படுத்த. எட்டு வாரத்தில் வாங்கினால் உங்கள் கையில் இருப்பது நான்கைந்து வாரம். "எல்லா ஊசியும் முடியட்டும்" என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்த நான்கைந்து வாரமும் போய்விடும். முதல் ஊசி போட்டு ஒரு வாரமானதும், தெருநாய் நடமாட்டம் இல்லாத இடங்களுக்குக் கையில் தூக்கிக்கொண்டாவது போய் ஆட்களைக் காட்டுங்கள். குடை, ஹெல்மெட், சைக்கிள், தள்ளாடும் தாத்தா எல்லாவற்றையும்.

அப்படின்னா நாய்ங்கிறது முழுசா வளராத ஓநாய்னு சொல்லலாமா?

கேட்க நன்றாக இருக்கும், பாதிதான் உண்மை. பயம் தாமதமாவது, பெரியதான பிறகும் விளையாடுவது, குரைப்பது, முனகுவது போன்றவை குட்டித்தனம் நீள்வதைக் காட்டுகின்றன. ஆனால் நாய் ஓராண்டுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். ஓநாய்க்கு இரண்டு ஆண்டாவது ஆகும். சாந்த நரிகளும் மற்றவற்றைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முந்திப் பருவமடைந்தன, ஈற்றுக்கு ஒரு குட்டி கூடுதலாகப் போட்டன. ஒரு கடிகாரம் மெதுவாக, இன்னொன்று வேகமாக ஓடுகிறது. மொத்தமாக வளர்ச்சி நின்றுபோனதாக நினைத்தால் இந்த இரண்டாவது பாதியை விளக்க முடியாது.

சாந்தமான மிருகத்துக்கு காது தொங்கும், உடம்புல வெள்ளைத் திட்டு வரும்னு படிச்சேன். என் நாய்க்கு காது தொங்குது, அப்போ கடிக்காதா?

காதை நம்பிக் கையை நீட்டாதீர்கள்.

நரிகளில் எட்டாம் தலைமுறைக்குப் பிறகு தொங்கு காது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, சுருண்ட வால் எல்லாம் சிலவற்றில் வந்தன. 2014-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: கருவில் நியூரல் கிரெஸ்ட் என்கிற செல்கூட்டத்திலிருந்துதான் நிறமிச் செல்கள், காதுக் குருத்தெலும்பு, தாடை, அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி எல்லாம் வருகின்றன, சாந்தத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் செல்கள் கொஞ்சம் குறைகின்றன, மற்றவை கூடவே வருகின்றன. அழகான விளக்கம். ஆனால் 2019-இல் வேறொரு குழு பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தது. நோவோசிபிர்ஸ்க் நரிகளின் மூதாதைகள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளிலிருந்து வந்தவை. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நரிகளை வளர்த்து வந்தார்கள், அவற்றில் வெள்ளைத் திட்டுள்ளவையும் இருந்திருக்கின்றன. அதாவது, திட்டும் காதும் புதிதாக வந்தவை அல்ல. ஒரு சிறு கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்த்ததில் மேலே வந்தவையாக இருக்கலாம்.

எனக்கு இரண்டாவது கட்சிதான் வலுவாகத் தெரிகிறது. ஆனால் குணம் மாறியதையோ பயத்தின் வயது தள்ளிப்போனதையோ அந்த விமர்சனம் தொடவில்லை. அடிபட்டது காதும் திட்டும் மட்டுமே.

கோபத்துக்குன்னு ஒரு ஜீன் இருக்கா? டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

ஒற்றை ஜீன் கோளாறால் மூர்க்கம் வந்த அரிய நிகழ்வுகள் உண்டு. 1993-இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தின் ஆண்களிடம் எம்ஏஓஏ என்ற ஜீன் முற்றிலும் வேலை செய்யாமல் போயிருப்பதைக் கண்டார்கள்; மூளையில் செரட்டோனின், டோப்பமின் போன்றவற்றை உடைக்கிற நொதியை உண்டாக்கும் ஜீன் அது. பின்னாளில் "போர்வீரன் ஜீன்" என்று பத்திரிகைகள் கொண்டாடியது இந்த ஜீனைத்தான். வளர்ப்பு விலங்குகளில் நிலைமை வேறு. 2018-இல் நரியின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்துச் சாந்த, மூர்க்க வம்சங்களை ஒப்பிட்டபோது வேறுபட்ட பகுதிகள் 103 கிடைத்தன. அவற்றில் சோர்சிஎஸ்1 என்கிற ஜீனுக்குத்தான் அதிகப் பெயர். நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் புரதங்களை இடம் மாற்றுகிற வேலை அதற்கு.

நாய்களில் 2017-இல் வந்த கண்டுபிடிப்பு இன்னும் சுவாரசியம். ஆட்களிடம் மிதமிஞ்சி ஒட்டுகிற நாய்களில் ஜிடிஎஃப்2ஐ ஜீனும் அதன் பக்கத்து ஜீனும் மாறியிருந்தன. மனிதரில் அதே பகுதி அறுந்துபோனால் வில்லியம்ஸ் நோய்க்குறி வரும். அந்தக் குழந்தைகள் முன்பின் தெரியாதவரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள். இவையெல்லாம் வம்சத்துக்கு வம்சம் சராசரியில் உள்ள வேறுபாட்டை விளக்கும். உங்கள் வீட்டுக் குட்டி நாளைக்குக் கடிக்குமா என்று சொல்கிற டெஸ்ட் கிடையாது. உமிழ்நீர் எடுத்துக் "குணச் சான்றிதழ்" தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராட்வைலர், பிட்புல் வேண்டாம். லாப்ரடார் வாங்கினா போதும்தானே? அரசாங்கமே தடை போட்டுச்சே.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடைத் துறை 23 ரகங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது உண்மை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2022-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் டிஎன்ஏவை வாசித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் ரகம் விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். சொன்னதைக் கேட்கிற குணத்தை ரகத்தை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். எவ்வளவு சீண்டினால் சீறும் என்பதை ஊகிக்க ரகம் கிட்டத்தட்ட உதவவே இல்லை. பின்லாந்தில் 9,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் (2021) லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் கீழே நின்றது சரி. ஆனால் ஆட்களிடம் உறுமுவதிலும் கடிப்பதிலும் மேலே நின்றது சினிமாவில் பார்க்கிற சாதுவான முடிக்காரர், ரஃப் கோலி. அடுத்து மினியேச்சர் பூடில்.

அதற்காக எல்லா ரகமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிக்கும் வாய்ப்பு வேறு, கடித்தால் ஆகும் சேதம் வேறு. பூடில் கடித்தால் பிளாஸ்திரி. ராட்வைலர் கடித்தால் ஆபரேஷன் தியேட்டர். கயிறு, வாய்மூடி, வேலி எல்லாம் இரண்டாவதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

கோல்டன் ரெட்ரீவர்ல ஆக்ரோஷத்தோட பரம்பரைப் பங்கு 0.77-ன்னு ஒரு ஆய்வு இருக்கே. நீங்க 9 சதவீதம்ங்கிறீங்க. எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. அளப்பது வேறு வேறு. ரகத்துக்கு ரகம் உள்ள வேறுபாடு ஒன்று, ஒரே ரகத்துக்குள் குடும்பத்துக்குக் குடும்பம் உள்ள வேறுபாடு இன்னொன்று. பரம்பரைப் பங்கு 0.77 என்பது, நெதர்லாந்தில் ஆய்வுக்கு எடுத்த அந்தக் கோல்டன் கூட்டத்தில் ஆட்களிடம் காட்டிய ஆக்ரோஷம் நாய்க்கு நாய் மாறுபட்டதில் பெரும்பகுதிக்கு மரபணு வேறுபாடுதான் காரணம் என்று சொல்கிறது. கோல்டன்கள் ஆக்ரோஷமானவை என்று அதற்குப் பொருள் இல்லை.

அந்த ஆய்வு, கடிக்கிறது என்று புகார் வந்த நாய்களையும் அவற்றின் உறவுக்கார நாய்களையும் தேடிப் பிடித்துச் செய்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட கூட்டத்தில் எண் உயர்ந்துதான் வரும். ஆனாலும் பாடம் முக்கியம்: குட்டி வாங்கும்போது ரகத்தைவிடக் குடும்பத்தைப் பாருங்கள். ஒரே பிரபல ஆண் நாயை ஊரெல்லாம் இணைக்கு விட்டால், அதன் குணம் அந்த ரகத்தின் குணம்போல் ஆகிவிடும்.

குட்டியா இருந்தப்போ தங்கம் சார். இப்போ ஒன்றரை வயசு, வீட்டுக்கு வர்றவங்களைப் பார்த்து உறுமுது. திடீர்னு எப்படி வந்துச்சு?

திடீரென்று வரவில்லை. சில மரபணுக்களின் விளைவு பருவம் வந்த பிறகுதான் தெரியும். நாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் உடல் பருவமடைகிறது. குணம் முழுதாகப் படிவது ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள். வழிகாட்டி நாய்க்காக வளர்த்த குட்டிகளை ஆராய்ந்த ஒரு பிரிட்டிஷ் குழு, எட்டாவது மாதத்தில் அவை வளர்த்தவர் சொல்வதைக் கேட்காமல் போவதையும், அதே கட்டளையை வேற்றாள் சொன்னால் கேட்பதையும் பார்த்தது. வீட்டில் விடலைப் பிள்ளை இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலும் ஒரு வயதை நெருங்கும்போது அது தணிந்துவிடும்.

உங்களுடையது அந்த வகை இல்லை. அந்நியரைக் கண்டு உறுமுவது பயத்தில் வருவது. மூன்றாவது மாதத்துக்குள் அது எத்தனை அந்நியரைப் பார்த்தது என்று முதலில் யோசியுங்கள். சின்ன வயதில் ஒளிந்துகொண்டிருக்கும். அப்போது "கூச்ச சுபாவம்" என்றிருப்பீர்கள். பயம் அதேதான், இப்போது நாயிடம் தன் பல்மீது நம்பிக்கை சேர்ந்துவிட்டது. அடிக்காதீர்கள், விருந்தாளிமேல் தள்ளாதீர்கள். தூரத்திலிருந்து தொடங்கிப் பழக்கத் தெரிந்தவரைப் பாருங்கள்.

ஆபரேஷன் பண்ணிட்டா சாந்தமாயிடுமாமே?

ஊர் சுற்றுவது, எல்லா டயரிலும் அடையாளம் வைப்பது, மற்ற ஆண் நாயோடு மோதுவது குறையும். பயத்தில் கடிப்பது குறையாது. சில நாய்களில், சிறு வயதிலேயே செய்தால், கூடியும் இருக்கிறது. கருத்தடைக்கு வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு, இதற்கு மருந்தாக நம்பிச் செய்ய வேண்டாம்.

பதினோரு வயசு நாய். இத்தனை வருஷம் குழந்தைகளோட விளையாடுச்சு, இப்போ தொட்டா கடிக்க வருது. வயசானா ரத்தம் மாறுமா?

மாறுவது உடம்பு. மேலே சொன்ன பின்லாந்து ஆய்விலும் வயதான நாய்கள் இளையவற்றைவிட அதிகம் சீறின. மூட்டு வலி, பல் வலி, மங்கும் கண், கேட்காத காது: எதிரில் வருவதை முன்கூட்டி அறிய முடியாத நாய்க்குத் தொடுதல் ஒவ்வொன்றும் அதிர்ச்சி. முதலில் மருத்துவரிடம் வலிக்குப் பாருங்கள். வலி தீர்ந்ததும் பழைய குணத்துக்குத் திரும்பிய நாய்கள் பல.

இன்னொரு காரணம் மூளைத் தேய்வு. மனிதரின் அல்சைமர் போல நாய் மூளையிலும் அமிலாய்டு படிகிறது. ஓர் அமெரிக்க ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திலும், 15, 16 வயதில் 68 சதவீதத்திலும் அதன் அறிகுறிகளில் ஒன்றாவது தென்பட்டது. இரவில் காரணமின்றி நடப்பது, மூலையில் போய் நிற்பது, பழகிய ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது இருந்தால் சொல்லுங்கள். குழந்தைகளை அதன் படுக்கைப் பக்கம் விடாதீர்கள்.

கோழி ஒண்ணை ஒண்ணு கொத்திக் கொல்லுது. அலகை வெட்டுறதைத் தவிர வழியே இல்லையா? இதுக்கு ஜீன் தீர்வு உண்டா?

உண்டு, அதிலும் இந்தத் துறையிலேயே மிக அருமையான சோதனை ஒன்று இதில்தான் நடந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்பவர் கேட்ட கேள்வி: அதிக முட்டையிடும் கோழியைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால், பக்கத்துக் கோழியை மிரட்டித் தீனியைப் பறித்து முட்டையிடுகிறதையும் சேர்த்துத்தானே தேர்ந்தெடுக்கிறோம்? அதனால் அவர் கோழியை விட்டுக் கூண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒரே குடும்பத்துக் கோழிகளை அலகு வெட்டாமல் ஒரே கூண்டில் விட்டு, எந்தக் கூண்டு மொத்தமாக நன்றாக வாழ்ந்து நிறைய முட்டையிட்டதோ அந்தக் குடும்பத்தையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார்.

1996-இல் அவர் வெளியிட்ட கணக்கு: இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு, மூன்றாம் தலைமுறையில் 8.8 சதவீதம். கோழிக்கு 91 ஆக இருந்த ஆண்டு முட்டை, பரிசோதனை போகப்போக 237 ஆனது. கோழியின் உயிர் அதன் சொந்த ஜீனில் மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்கும் கோழியின் ஜீனிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. கொத்துவது முட்டையிடத் தொடங்கும் வயதை ஒட்டி உச்சத்துக்குப் போகும்; அதனால் இளங்குஞ்சிலேயே பார்த்துத் தேர்வு செய்தால் பயன் கிடைக்காது.

தேனீயையும் வளர்க்கிறோமே. அதுக்கும் இது பொருந்துமா?

வயதும் மரபணுவும் மோதிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தேன்கூட்டைப் பாருங்கள். வேலைக்காரத் தேனீ கோடையில் ஆறு வாரம்போல வாழும். முதல் இரண்டு வாரம் உள்ளே புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது. பிறகு சிலது வாசலில் காவல், கடைசியில் வெளியே தேன் தேடல். குத்துகிறவை பெரும்பாலும் மூத்தவை. 1956-இல் வார்விக் கெர் என்ற பிரேசில் மரபியலாளர் ஆப்பிரிக்கத் தேனீக்களைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 26 கூட்டங்கள் தப்பி வெளியேறிவிட்டன. அவற்றின் வம்சம் சீண்டினால் கூட்டமாகத் துரத்திக் குத்தும்.

2009-இல் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு மூன்று ஒப்பீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது: இளம் தேனீயும் மூத்த தேனீயும், அபாய வாசனை பட்டதும் படாததும், ஐரோப்பியத் தேனீயும் ஆப்பிரிக்க வம்சமும். மூளையில் கூடியும் குறைந்தும் வேலை செய்த ஜீன்களின் மூன்று பட்டியல்களிலும், தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்குப் பொதுவான ஜீன்கள் இருந்தன. ஐரோப்பியத் தேனீயில் வயதோ அபாயமோ திருப்புகிற அதே விசையை, ஆப்பிரிக்க வம்சத்தில் பரம்பரையே திருப்பி வைத்திருக்கிறது.

ஜல்லிக்கட்டுக் காளையோட சீற்றம் ரத்தத்துல வர்றதுதானே?

ரத்தத்துக்குப் பங்கு உண்டு. ஸ்பெயினில் காளைச்சண்டைக்கு வளர்க்கிற லிடியா மாடுகளில் நூற்றாண்டுகளாகச் சீற்றத்துக்கென்றே தேர்வு நடக்கிறது. அங்கே பசுவை இரண்டு வயதை ஒட்டிச் சோதித்துத் தாயாக வைப்பதா என்று முடிவு செய்கிறார்கள். காளையை நான்கு வயதுக்கு மேல்தான் களத்துக்கு விடுகிறார்கள், அதற்குமுன் துணியைக் காட்டிப் பழக்குவதே இல்லை. கற்றுக்கொண்டுவிடும் என்பது காரணம்.

புலிக்குளம் மாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மதுரை, சிவகங்கைப் பக்கம் கிடை மாடாகக் கூட்டமாக மேய்ந்து, இரவில் வயல்களில் அடைபடும் மாடு அது. கன்றிலிருந்தே அதற்குத் தெரிந்தவர் கிடைக்காரர் மட்டும். தொழுவத்தில் குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்த்த கன்றும் கிடையில் வளர்ந்த கன்றும் ஒரே தாய்க்குப் பிறந்தாலும் வாடிவாசலில் வேறு மாதிரி நிற்கும். நரிக்குட்டிக் கேள்வியில் பார்த்த அந்த "நம்மவர்" கணக்கு கன்றுக்கும் உண்டு. அதே காளை வீட்டில் பெண்கள் கையால் தவிடு தின்பதைப் பார்த்திருப்பீர்கள்.

என்கிட்ட ரெண்டு சாந்தமான நாய் இருக்கு. சேர்த்தா குட்டி எல்லாம் சாந்தமாத்தான் வரும்?

சராசரி சாந்தத்தின் பக்கம் நகரும், அவ்வளவே. பல நூறு மரபணுக்கள் கலைந்து சேர்வதால் கூடப்பிறந்தவற்றிலேயே ஒன்று துணிச்சலாகவும் ஒன்று நடுங்கியாகவும் வரும். நோவோசிபிர்ஸ்கில் அவ்வளவு கறாராகத் தேர்வு செய்தும் ஆறாம் தலைமுறையில் 1.8 சதவீதம்தான் என்பதை மறக்க வேண்டாம். சினைக்காலத்தில் தாய் பயந்து கிடந்தால் அதுவும் குட்டியில் தெரியும்; எலிகளில் தாய் குட்டியை எவ்வளவு நக்கியது என்பதே கார்டிசாலை அடக்குகிற ஜீனின் வேலையை மாற்றுகிறது.

இன்னொரு சிக்கல் பெற்றோரின் வயது. ஒன்றரை வயதிலேயே இணை சேர்த்தால் அந்த நாயின் குணமே இன்னும் முழுசாக வெளிப்படவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று உங்களுக்கே தெரியாது. ஆண், பெண் இரண்டும் மூன்று வயதைத் தாண்டி, அந்நியரிடமும் குழந்தைகளிடமும் எப்படி நடக்கின்றன என்று பார்த்த பிறகு சேருங்கள். குட்டி வாங்கப் போகிறவர்களும் இதையே கேட்கலாம்: தாயை அவிழ்த்து விட்டு உங்களிடம் வர விடச் சொல்லுங்கள், தகப்பனுக்கு என்ன வயது என்று கேளுங்கள், முந்தைய ஈற்றுக் குட்டிகளை வாங்கியவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பரை வாங்கி, அந்தக் குட்டிகள் இரண்டு வயதில் எப்படி இருக்கின்றன என்று விசாரியுங்கள். நம்பர் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.